செல்வி சொன்ன ‘கீழே’

மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்குச் செல்வியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. “மகிழ்ச்சியான செய்தி, ஐயா! உங்கள் மகள் வந்துவிட்டார். கீழ்த்தளத்தில் இருக்கிறார். கவலை வேண்டாம். வெந்நீர் ஆறு மணி முதல் கிடைக்கும்.” கூடவே ஒரு மஞ்சள் பூவின் படம்.

அப்போது நான் கொடைக்கானலை அடுத்த பள்ளங்கிச் சரிவில் ஒரு வாடகை வீட்டின் மேல்தளத்தில், சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மூடுபனி பூண்டு வயல்களை ஒவ்வொரு பாத்தியாக அழித்துக்கொண்டு ஏறி வந்தது. செய்தியைப் படித்ததும் எழுந்து படிகளில் இறங்கி ஓடினேன். கீழ்த்தளத்தில் யாரும் இல்லை.

முதலிலிருந்து சொன்னால் நிதானம் வரும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் சிதம்பரத்துக்காரர்கள். அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். என் மகள் அபி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பதினான்கு வயதிலிருந்து அவளுக்கு ஒரு உபாதை. திடீரென்று நினைவு தவறும், கைகால் இழுக்கும், சற்று நேரத்தில் தானாக நிற்கும். பிறகு அடித்துப்போட்டது போலத் தூங்குவாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சொல்வதில்லை. ‘அது’ என்போம். என் மனைவி பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு “வந்துடுச்சுங்க” என்பாள். நான் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன். யார் வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற மாதம் விடுதியில் மறுபடியும் வந்தது. எங்கள் மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதினார். பழைய மாத்திரை தீரும் நாளின் இரவிலிருந்து புதியதைத் தொடங்க வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்றார். புதிய அட்டைகளை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் வருகிறேன் என்று அபியிடம் சொன்னேன்.

“இங்க வராதீங்கப்பா. ஹாஸ்டல் வாசல்ல நின்னு கண் கலங்குவீங்க, எல்லாரும் பாப்பாங்க. எங்கயாச்சும் நடுவுல பாப்போம். கொடைக்கானல்ல ரெண்டு மூணு நாள் இருப்போமே.”

கொடைக்கானல் எங்கள் இருவருக்கும் நடுவில் இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அவளை அப்படியே ஊருக்கு அழைத்துப்போய்ப் பக்கத்துக் கல்லூரியில் சேர்த்துவிடும் எண்ணமும் எனக்கு இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மலை, குளிர், நல்ல சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அவள் மனம் இளகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு நாள் முன்னதாகவே நான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊர் தட்டையான ஊர். ஓடும் தண்ணீர்கூட எந்தப் பக்கம் போவது என்று கொஞ்சம் யோசிக்கும். இங்கே எல்லாம் சாய்ந்திருந்தது. கேரட் வயல் சாய்ந்திருந்தது, தேவாலயம் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது, ஆட்கள் பேசும்போதும் ஒரு காலை மேலே வைத்துத்தான் நின்றார்கள். காற்றில் தைல மர வாசனையும் எங்கோ வேகும் பூண்டின் வாசனையும். பேருந்தை விட்டு இறங்கிய பிறகும் இன்னும் தூக்கத்தில் இருப்பது போலவே இருந்தது.

வீட்டின் உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. பதிவு செய்த நாளிலிருந்து என்னிடம் பேசியது செல்விதான். எந்த நேரம் எழுதினாலும் உடனே பதில் வரும். சுத்தமான தமிழ், பிழையே கிடையாது. கம்பளிச் சட்டை எடுத்துவர நினைவூட்டியதும், வழியில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சை முகரச் சொன்னதும் அவள்தான். இவ்வளவு நேரம் விழித்திருக்கிறாளே என்று இரக்கப்பட்டு, “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். “நான் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர், ஐயா. எனக்குப் பசி இல்லை. ஆனால் கேட்டதற்கு மிக்க நன்றி” என்று பதில் வந்தது.

இதை என் மனைவியிடம் சொன்னபோது, “என்னை ஒரு நாள் அப்படிக் கேட்டிருக்கீங்களா?” என்றாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். பாக்கியம். ஐம்பதை ஒட்டிய வயது. தலையில் மப்ளர், காலில் ரப்பர் பூட்ஸ். நான் வாசலில் நின்று, “செல்வி சொன்ன வழியில…” என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தித் தடுத்தார்.

“தெரியும் சார். வர்றவுக எல்லாரும் செல்வி எங்க, செல்வி எங்கன்னுதான் கேக்குறாக. ஒரு மெட்ராஸ்காரரு செல்விக்குச் சேலை எடுத்துட்டு வந்துட்டாரு.”

“அப்புறம்?”

“நான் கட்டிக்கிட்டேன்.”

அன்று சாயங்காலம் குளிர் எலும்பில் ஏறியது. இன்னொரு கம்பளி கிடைக்குமா என்று பாக்கியத்திடம் கேட்டேன். அவர் எனக்கு நேராக நின்றபடியே தன் செல்பேசியை வாயருகே வைத்து, “செல்வி, சாருக்குக் கம்பளி பத்தலையாம். இன்னொன்னு அலமாரில கெடக்கு, எடுத்துத் தாரேன்னு சொல்லிரு” என்றார். என் சட்டைப்பையில் மணி ஒலித்தது. ‘வணக்கம் ஐயா, உங்களுக்குக் கூடுதல் கம்பளி வழங்கப்படும்.’

“என்னிடமே சொல்லலாமே” என்றேன்.

“ஓனர் உத்தரவு சார். நான் ஒருதரம் ஒரு கெஸ்ட்டு பொம்பளகிட்ட, பாத்ரூமுல முடியப் போடாதீகன்னு சொல்லிப்புட்டேன். அது மனசு நொந்து ஸ்டார் கொறச்சிருச்சு. அதுலருந்து எதுன்னாலும் நான் செல்விட்டச் சொல்லணும், செல்வி பக்குவமா உங்ககிட்டச் சொல்லும். உங்க நம்பரு எனக்குக் குடுக்கறதில்ல. என் நம்பரு மட்டும் வழி கேக்கறவுகளுக்கு உண்டு.”

கம்பளியைத் தந்தார். அதற்கும் ஒரு செய்தி வந்தது. இருவரும் சிரித்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயிலும் பனியும் மாறிமாறி வந்தன. சாலைக்கு ஏறி, சவரி என்பவரின் டீக்கடையில் ரொட்டி ஆம்லெட்டும் சுக்குக் காபியும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் காபியைவிட இரண்டு மடங்கு இனிப்பு, ஆனால் அந்தக் குளிருக்கு அதுதான் சரி. பக்கத்து மேசையில் ஒரு மலையாளக் குடும்பம். கணவர் பனியைக் காட்டி, இதைப் பார்க்கத்தானே இவ்வளவு செலவு செய்து வந்தோம், இப்போது இதனால் எதையும் பார்க்க முடியவில்லையே என்று மனைவியிடம் மலையாளத்தில் முறையிட்டுக்கொண்டிருந்தார். அவள், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள், ஆம்லெட் நன்றாக இருக்கிறது என்றாள்.

“கூட்டமே இல்லையே சவரி. நேத்து என்னைக் கொண்டுவந்து விட்ட உங்க மச்சான் ஜீப்பையும் காணோம்” என்றேன்.

“அவன் கீழ போயிருக்கான் சார்” என்றார் சவரி. கடைக்குப் பின்னால் சரிவில் எங்கோ இறங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பாக்கியம் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மெட்ராஸ்காரரின் சேலையில் கடையைக் கடந்து போனார். தோளில் பூண்டு மூட்டை. “சந்தைக்குப் போயிட்டு வெரசா வந்துருவேன் சார். பாப்பா வந்தா சோறு இருக்கு, சௌசௌ கூட்டு இருக்கு.”

நண்பகலில் அபி கூப்பிட்டாள். “பழனில பஸ் ஏறிட்டேன்ப்பா. சன்னல் சீட்டு. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்காதீங்க, நான் ஸ்கூல் புள்ள இல்ல. வழி நீங்க குடுத்த நம்பர்ல அந்த வீட்டம்மாகிட்ட கேட்டுக்கறேன்.”

“காலைல போட்டியா?”

“போட்டுட்டேன். அதோட தீந்துது. ராத்திரிக்கு நீங்கதான்.”

மாத்திரை அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு இறங்கினேன். பிறகு அவள் எண்ணுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. மலைப்பாதையில் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். சாப்பிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்தேன். பனி ஏறி வந்தது. வயல் போயிற்று, வேலி போயிற்று, பேரிக்காய் மரம் ஒரு கிளையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்று அதுவும் போயிற்று. வீடு எங்கோ மிதப்பது போல இருந்தது. அரைத் தூக்கத்தில் அபி சின்னப் பிள்ளையாக அந்த வெண்மைக்குள் நடந்து வருவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி.

கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்று திறந்து கிடந்தது, விரிப்புகூடக் கலையவில்லை. இன்னொன்று பூட்டியிருந்தது. அதற்குள் தண்ணீர் ஓடும் சத்தம்.

குளியலறையில் தனியாக இருக்காதே, தாழ்ப்பாள் போடாதே என்று ஆறு வருடமாக அவளுக்குச் சொல்லி வருகிறோம். “அபி” என்று கூப்பிட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினேன், தோளால் இடித்தேன். பூட்டில் எண் பொத்தான்கள் இருந்தன.

செல்விக்கு எழுதினேன். விரல் வழுக்கி எழுத்தெல்லாம் பிழையாக விழுந்தது. அவள் புரிந்துகொண்டாள். “கவலை வேண்டாம், ஐயா. உங்கள் மகள் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பூட்டிய அறை எங்கள் பண்டக அறை” என்று சொல்லி, கேட்டதும் திறப்பு எண்ணையும் தந்தாள். திறந்தேன். உள்ளே ஒரு நீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் ஈரப் படுக்கை விரிப்புகள். துடைப்பம். பாக்கியத்தின் ரப்பர் பூட்ஸ்.

“இங்கே இல்லை” என்று எழுதினேன்.

“உங்கள் மகள் ஓய்வெடுக்கலாம், ஐயா. கொடைக்கானலின் குளிர்ந்த காற்று நல்ல உறக்கம் தரும்.”

செல்வியைத் திட்டத் தோன்றியது. யாரைத் திட்டுவது? வெளியே ஓடினேன். தோட்டத்தில் தேடினேன். வேலிக்கு அப்பால் வயலின் வரப்புகளில் அபியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கினேன். பனிக்குள் என் குரல் இரண்டடி போய் நின்றுவிட்டது. பை இல்லை, செருப்பு இல்லை, ஒரு காலடிகூட இல்லை. வந்தவள் எங்கே போனாள்? வந்தவுடன் அது வந்து, எங்காவது பாத்தியில் விழுந்து கிடக்கிறாளா? ஈரமான பூண்டுத் தாள்களைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது.

பாக்கியத்தின் எண்ணுக்கு முயன்றேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூச்சு வாங்க ஏறி சவரியின் கடைக்குப் போனேன்.

“சவரி, எங்க வீட்டுக்குக் கீழ வேற வீடு ஏதும் இருக்கா?”

“எதுக்கு சார்? மொதல்ல உக்காருங்க.”

“என் பொண்ணு வந்துட்டா, கீழ இருக்கான்னு செல்வி சொல்லுது. அங்க இல்ல.”

“செல்விக்கு யாரு சொன்னது?”

“பாக்கியமாத்தான் இருக்கணும்.”

சவரி டீ ஆற்றுவதை நிறுத்தினார். “பாக்கியம் கீழன்னு சொன்னா அது வீட்டுக்குக் கீழ இல்ல சார். நாங்க கீழன்னா பழனி. இல்லாட்டி வத்தலக்குண்டு. மலைக்குக் கீழ. காலைல எம் மச்சான் கீழ போயிருக்கான்னு சொன்னேன்ல, அவன் பழனிக்கு லோடு ஏத்திட்டுப் போயிருந்தான்.”

எங்கள் ஊரில் கீழ வீதி என்றால் கிழக்கு வீதி. வீட்டில் கீழே என்றால் தரை. ஒரு ஊருக்கே கீழே என்று பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பழனியில் இருக்கிறாள் என்றால் வந்துவிட்டாள் என்பது எப்படி? நண்பகலிலேயே பேருந்து ஏறிவிட்டாளே.

செல்விக்கு எழுதினேன். “பாக்கியம் என்ன சொன்னார்?”

“உங்கள் மகளின் வருகையைப் பணியாளர் மகிழ்ச்சியுடன் தெரிவித்தார், ஐயா.”

“அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுது. ஒன்றையும் மாற்றாதே.”

கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தது. சவரியும் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

“செல்வி, சாரு புள்ளைக்கு வந்துருச்சாம். இப்ப கீழ இருக்கு. பயப்பட வேணாம்னு பக்குவமா சொல்லிரு தாயி.”

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். புள்ளைக்கு வந்துருச்சாம். புள்ளை வந்துருச்சாம் இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றை, சொல்லக் கூச்சப்படும் ஒன்றை, எங்களைப் போலவே சொல்லாமல் சொல்லியிருக்கிறார் பாக்கியம். என் மனைவியின் வாயிலிருந்து ஆறு வருடமாகக் கேட்ட அதே வாக்கியம். செல்விக்கு அதில் ஓர் ஆள் வந்து சேர்ந்ததுதான் தெரிந்தது. பயப்பட வேண்டாம் என்றதைக் கவலை வேண்டாம் என்று மாற்றி, ஒரு பூவும் வைத்துவிட்டாள்.

“என்ன சார் வந்துச்சு? காய்ச்சலா?” என்றார் சவரி.

வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. “அது… கைகால்…” என்று கையை மட்டும் காட்டினேன்.

“வெளங்கிருச்சு சார். எந்திரிங்க.”

மச்சான் திரும்பி வந்து பின்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். சவரி, “ஏலே, எந்திரிலே, பழனி போகணும்” என்று சத்தம் போட்டார். பெயர் ஜெகன். கண்ணைத் தேய்த்தபடி, “இப்பத்தான வந்தேன்” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

ஜீப் பனிக்குள் போயிற்று. எதிரே விளக்கு வரும்போது மட்டும் சாலை இருந்தது, மற்ற நேரம் அது ஒரு வதந்தி போலத்தான். மரங்கள் கரும்புகையாக வந்து கரும்புகையாகப் போயின. அழகு என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது, அந்த மூலையின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஜெகன், “சார், கதவுல சாயாதீங்க, அது சும்மா ஒட்டி வச்சிருக்கு” என்றார்.

பெருமாள்மலை நெருங்கும்போது ஜீப் ஒரு இருமல் இருமி நின்றது. ஜெகன் இறங்கிப் பார்த்து, கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது என்றார். நான் நடந்தே போகிறேன் என்று இறங்கினேன்.

“பழனிக்கா? நடந்தா நாளைக்குப் போயிரலாம் சார். யானை விட்டா.”

அந்த இடத்தில் தொலைபேசிக்கு உயிர் வந்தது. பாக்கியம் கிடைத்தார். பின்னால் சந்தையின் கூச்சல்.

“சார், செல்வி சொல்லுச்சா? நான் அப்பவே சொல்லச் சொன்னேனே.”

“சொல்லிச்சு. என்ன நடந்துச்சு, நீங்க சொல்லுங்க.”

“பஸ்ஸு மலை ஏறயில புள்ளைக்கு வந்துருக்கு. பக்கத்து சீட்டுல பழனிக்காரவுக, பஞ்சாமிர்தம் போடுறவுக, மலைப்பழம் வாங்க வந்துக்கிட்டு இருந்துருக்காக. புருசன் வேனுல முன்ன வர, இந்தம்மா ஆஸ்பத்திரி சோலிய முடிச்சுட்டுப் பின்னாடி பஸ்ஸுல. அவுகதான் எறக்கி, வேனத் திருப்பி, கீழ அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. டாக்டர்ட்டயும் காமிச்சாச்சு. புள்ள போனு விழுந்து உடைஞ்சு போச்சு. அது அணையுறதுக்குள்ள கடைசியா பேசின நம்பருக்குப் போட்டுருக்காக, அது என் நம்பரு. அப்பாவுக்குச் சொல்ல வேணாம், பயந்துருவாருன்னு புள்ள சொல்லுச்சாம். அதெப்படிச் சொல்லாம இருக்குறது?”

அந்த அம்மாளின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். ஈஸ்வரி என்று பெயர் சொன்னார். மெதுவாகப் பேசினார், பக்கத்தில் யாரோ தூங்கும்போது பேசுவது போல.

“வேன்ல ஏறிட்டோம்ங்க. பாதி மலை வந்தாச்சு. நீங்க கீழ வராதீங்க, பனில ஒருத்தருக்கொருத்தர் மாறிப் போயிருவோம். எங்க இருக்கீங்களோ அங்கயே இருங்க. புள்ள என் மடியில தூங்குது. எழுப்பவா?”

எழுப்புங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் குரலை ஒரு தரம் கேட்டால் போதும். “வேண்டாம். தூங்கட்டும்” என்றேன்.

ஜெகன் சாலையோரக் கடையில் வேகவைத்த கடலை வாங்கி வந்தார். இருவரும் ஜீப்பின் முன் தகட்டில் சாய்ந்து நின்று தின்றோம். இருட்டிக்கொண்டு வந்தது. செல்வியிடமிருந்து செய்தி: ‘உங்கள் தங்குதல் இனிதாக அமைகிறதா, ஐயா?’ பதில் எழுதவில்லை. அவள் மேல் இப்போது கோபம் வரவில்லை. பாக்கியம் அவளைத் தாயி என்று கூப்பிட்டிருந்தார்.

கீழிருந்து வாகனங்கள் வந்தன. முதலில் பனியின் அடிவாரத்தில் ஒரு மங்கல் தோன்றும், தண்ணீருக்கடியில் விளக்கு ஏற்றியது போல. அது வளைவு வளைவாக மறைந்து மறைந்து ஏறும். ஒவ்வொன்றும் அவள்தான் என்று முன்னால் போய் நின்றேன். ஒன்று முட்டைகோஸ் லாரி. ஒன்று சுற்றுலாப் பேருந்து, உள்ளே கண்ணாடியில் கன்னம் ஒட்டித் தூங்கும் முகங்கள். பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. பனி என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது, துடைத்தேன், படிந்தது. ஊருக்குக் கூட்டிப்போய்விடுவேன், ஒரு நாள்கூட இனிக் கண்ணை விட்டு அனுப்ப மாட்டேன் என்று மனதுக்குள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன வேன் விளக்கைத் தணித்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் வந்து நின்றது. கதவு திறந்ததும் வாழைப்பழமும் ஏலக்காயும் கலந்த வாசனை வெளியே வந்தது. முதலில் ஈஸ்வரி இறங்கினார். பருமனான பெண், நெற்றி நிறைய விபூதி. ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவர் கணவர் சன்னல் வழியாக வணக்கம் வைத்தார்.

“நீங்கதான் அப்பாவா?” என்றார் ஈஸ்வரி. “நல்ல புள்ளயப் பெத்துருக்கீங்க. சீட்டுல உக்காந்ததுமே சொல்லிருச்சு. ‘அக்கா, எனக்கு வலிப்பு உண்டு. வந்தா பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, கையில இரும்பு குடுக்காதீங்க’ன்னு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு, ஊருப் பேரு சொல்றாப்புல சொல்லுதேன்னு. அப்புறம் பாத்தா நெசமாவே வந்துருச்சு. கண்டக்டரு சாவிக்கொத்தத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. நான் கையத் தட்டிவிட்டேன்.”

“அவரு இன்னும் கோவமாத்தான் இருப்பாரு” என்றார் கணவர் உள்ளேயிருந்து.

அந்தச் சொல்லை ஒரு வேற்று ஆள் நடுச்சாலையில் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெகன் கேட்டுக்கொண்டிருந்தார். கடலைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு அபி இறங்கினாள். யாருடைய சால்வையோ போர்த்தியிருந்தாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு வீக்கம், அதில் மஞ்சள் பூசியிருந்தார்கள். தூக்கம் கலையாத கண்களால் என்னைப் பார்த்தாள். என் கையை, என் வேட்டி முழுக்க ஒட்டியிருந்த பூண்டு வயல் சேற்றைப் பார்த்தாள். நான் அவள் தலையைத் தொட்டேன். அவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

“மாத்திரையக் குடுங்கப்பா” என்றாள். “புதன்கிழமை எனக்கு லேப் இருக்கு.”